காளவாய்த் தோப்பில் என் கை சொன்ன பொய்

சவரி என் சட்டையைப் பிடித்துச் சவுக்கு மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலையில் தேய்த்த எண்ணெய் காதோரம் வழிந்து கழுத்துப் பட்டையில் இறங்கியிருந்தது.

"மாமு, பொண்ணோட அப்பா மீசைய பாத்தியா?" என்றான்.

"பாத்தேன். வெளக்கமாத்த மூக்குக்குக் கீய கட்டினு வந்த மாதிரி கீது."

"தமாஷ் வாணாம்டா. வாயே தெரியல. அவரு இன்னா கேக்குறாருன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்று அடி தூரத்தில் எங்கள் ஷெட் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். சவரி ரகசியம் பேசுவதாக நினைத்துக் கத்திக்கொண்டிருந்தான். தான் பேசுவது எவ்வளவு சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. அவனுக்கு இரண்டு காதும் கேட்காது.

"நீ அவரு பின்னாடி நின்னுக்கோ. ஷெட்டுல சொல்ற மாதிரி கையில சொல்லு. இன்னிக்கி ஒரு நாளு மாமு. இதுவும் பூட்ச்சின்னா எங்கக்கா தாங்காது."

"செஞ்சா இன்னா தருவே?"

"கல்யாணத்துல உனுக்குத்தான் மொத எலை."

சரி என்று தலையாட்டினேன்.

போன வாரம் மேஸ்திரியின் குடைக்குள் நான் கரித்தூளைக் கொட்டிவைத்த கதையைப் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்ததாக நிறையப் பேர் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். கன்னியப்பன் போன்ற ஆள், அதாவது என்னைப் போன்ற ஆள், ஊருக்கு ஒருத்தன் வேண்டும் என்று ஒரு அன்பர் எழுதியிருந்தார். அந்த அன்பர் இந்த வாரத்தையும் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

பாய்லருக்குள் இருந்தவன்

நாங்கள் வேலை பார்த்தது ராயபுரத்தில் கப்பல் பாய்லர்களைப் பழுது பார்க்கும் ஒரு ஷெட். இரும்புத் தகட்டையும் தகட்டையும் சேர்த்து ரிவிட் அடிக்க வேண்டும். ரிவிட் என்றால் தலை வைத்த கட்டை ஆணி. நான் அதை உலையில் சிவக்கக் காய்ச்சிக் குறட்டில் எடுத்துக் கொடுப்பேன். வெளியில் இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். பாய்லருக்கு உள்ளே ஒருத்தன் குந்தி உட்கார்ந்து, ஆணித் தலைக்கு இரும்பால் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த உள்ளாள்தான் சவரி.

கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே நாலு பேரை அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அதை ஒரு நாள் முழுக்கச் செய்யுங்கள். மீசை முளைப்பதற்கு முன்பே சவரி உள்ளே போய் உட்கார்ந்தவன். மீசை நன்றாக வளர்ந்தபோது காது போயிருந்தது.

ஷெட்டில் இதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. காது உள்ளவனுக்கே அங்கே ஒன்றும் கேட்காது. அதனால் எங்களுக்கு ஒரு கைப்பாஷை உண்டு. இரண்டு விரல் நீட்டினால் அடுத்த ஆணியை அனுப்பு. முஷ்டி மடக்கினால் நிறுத்து. இதில் தப்பு நடந்தால் யாருடைய விரலாவது நசுங்கிவிடும். கைப்பாஷையில் விளையாடக் கூடாது என்பது ஷெட்டின் ஒரே சட்டம். மேஸ்திரியைத் திட்டலாம், கும்பனியைத் திட்டலாம், பொய்க்கை மட்டும் காட்டக் கூடாது.

வேலைக்கு உண்டான கை ஏழெட்டுத்தான். எங்கள் ஆட்கள் வாயாடிகள் ஆயிற்றே. கொஞ்ச நாளில் அது ஊர் வம்பெல்லாம் பேசுகிற பாஷையாக வளர்ந்துவிட்டது. மூக்குத்தி போடும் இடத்தைத் தொட்டால் அம்மா. கட்டை விரலை வாய்க்குச் சாய்த்தால் குடி. காற்றில் கையைச் சுற்றினால் சினிமா. அதில் பாதிக் கையைக் கண்டுபிடித்தவன் நான். ஆறாவதில் இரண்டு தரம் உட்கார்ந்தவனுக்கு இதுவாவது வந்ததே என்று மேஸ்திரி சொல்வார்.

சவரி எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வான். மீதிக்கு எங்கள் கை. அதனால் வெளியாருக்கு அவன் குறை சட்டென்று தெரியாது. ஆனால் முன்பு காசிமேட்டில் ஒரு இடம் பேசி முடிக்கும் நேரத்தில், விஷயம் தெரிந்து அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா இறந்தபின் அவனுக்குச் சோறு போட்டு வந்த பிலோமினா அக்கா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். இனி எவரிடமும் சொல்வதில்லை.

"தாலி கட்னாப்பால தெரிஞ்சா தெரியட்டும். அதுவரிக்கும் எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, கொளம்பு கரண்டியாலயே போடுவேன்" என்று எங்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தாள்.

சுண்ணாம்பு வெந்த காடு

இந்த இடம் அக்காவே மாதா கோயிலில் பார்த்த இடம். பெண்ணின் பெயர் செலின். அப்பா ஆரோக்கியசாமி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் மளிகைக் கடை. வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுப் பார்ப்பதில் பையனின் குணம் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். ஷெட்டில் வருஷா வருஷம் பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு குடும்பத்தோடு எண்ணூர்ப் பக்கம் போவோம். அங்கே வந்து நாலு பேரோடு பையனைப் பார்க்கிறேன் என்றார்.

காலைப் பூசை முடிந்ததும் வண்ணாரப்பேட்டையில் ரயிலேறினோம். அண்டா, அரிசி மூட்டை, வெங்காயக் கூடை எல்லாம் எங்களோடு ஏறின. ரயிலில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து செலின் வீட்டு விஷயம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் எதிர் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிய ஒருவருடைய குறட்டைக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

எண்ணூரில் இறங்கி, தோணியில் கழிமுகத்தைத் தாண்டி, மணல்மேட்டில் ஏறி இறங்கினால் காளவாய்த் தோப்பு. அந்த நடைக்காகவே போகலாம். முதலில் கால் புதைகிற மணல். அப்புறம் சவுக்கு ஊசி உதிர்ந்து மெத்தை மாதிரி கிடக்கிற தரை. மேலே காற்று ஹோவென்று இரையும். கடல் இரைகிறதா மரம் இரைகிறதா என்று புதிதாக வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். சவரி மட்டும் நிற்காமல் நடப்பான்.

அந்தத் தோப்பு தானாக வளர்ந்த காடு இல்லை. ஒரு காலத்தில் கழிமுகத்துச் சேற்றில் கிளிஞ்சலை வாரி, இங்கே காளவாயில் அடுக்கடுக்காகப் போட்டு, சவுக்கு விறகு வைத்து எரித்துச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அதைப் படகில் ஏற்றிக் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் பேட்டைப் பழைய வீடுகளின் சுவரெல்லாம் அங்கே வெந்த கிளிஞ்சல்தான். சிமெண்டு வந்தது, காளவாய் அணைந்தது. எரிக்கிறதற்கென்று நட்ட மரம், எரிக்க ஆளில்லாமல் காடாகிவிட்டது.

ஐந்து காளவாயில் மூன்று இடிந்து கிடந்தன. இரண்டு நின்றன, கிணற்றை வெளியே தூக்கி வைத்த மாதிரி. உள் சுவர் சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் பளபளக்கும். ஒன்றின் வயிற்றிலிருந்து அரசமரம் முளைத்து வாய் வழியாக எட்டிப் பார்த்தது. தரையெல்லாம் வெள்ளை. நடந்தால் கிளிஞ்சல் நொறுங்கும்.

காளவாயின் அடியில் விறகு தள்ளும் வாசலுக்குத் துருப்பிடித்த இரும்புக் கதவு ஒன்று பாதி மண்ணில் புதைந்து நின்றது. இரும்பைக் கண்டால் எங்கள் ஆட்களால் சும்மா தாண்டிப் போக முடியாது. ஆளுக்கொரு கல்லை எடுத்து ரிவிட்டைத் தட்டிப் பார்த்தார்கள். சத்தத்தை வைத்து எது இறுக்கம், எது தளர்ச்சி என்று பந்தயம். சவரி உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக்கொண்டான். மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"இது லூசு" என்றான் சவரி. "இது பரவால்ல. இது பூட்ச்சி, உள்ள துன்னுட்ச்சி."

மேஸ்திரி ஒன்றை நெம்பினார். சவரி சொன்ன ஆணி அப்படியே கையோடு வந்தது.

ஆரோக்கியசாமி இதையெல்லாம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கை வச்சே கண்டுபிடிக்காரே!" என்று மகளிடம் சொன்னார். செலின் தலையைக் குனிந்துகொண்டாள். காது கேட்காததால் வந்த வித்தை அது என்று அவர்களுக்குத் தெரியாது. அக்கா மாதாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். விஷயம் பழுத்துவிட்டது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

மீசைக்குப் பின்னால்

அண்டாவில் சோறு கொதித்தது. ஆரோக்கியசாமி இடிந்த சுவரில் துண்டை விரித்து உட்கார்ந்து, சவரியை எதிரில் உட்காரச் சொன்னார். நான் போய் அவருக்குப் பின்னால், அரசமரத்து வேரில் சாய்ந்து நின்றேன். அக்கா அந்தப் பக்கம் திரும்பிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். செலின் வெங்காயம் உரித்தாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து மட்டும் என் கை தெரியும்.

"தம்பி வேலையில சேந்து எத்தன வருஷமாச்சு?"

கையில் சொன்னேன். சவரி பதில் சொன்னான்.

"பூசைக்கு ஒழுங்காப் போறதுண்டா?"

சொன்னேன். "மழையானாக்கூட போவேன் சார்" என்றான்.

"தப்பா நெனைக்கக் கூடாது. குடி கிடி உண்டா?"

கட்டை விரலை வாய்க்குச் சாய்த்தேன். கூடவே கண்ணைச் சொருகிக் கொஞ்சம் தள்ளாடியும் காட்டினேன். "மாதா மேல சத்தியமா கெடியாது சார்!" என்று சவரி அலறினான். செலின் என்னைப் பார்த்துவிட்டாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவரைப் பழிப்புக் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தலைக்கேறிவிட்டது. இன்னும் ஒரு தடவை சிரிக்க வைக்க வேண்டும்.

ஆரோக்கியசாமி குனிந்தார். கீழே கிடந்த ஒரு கிளிஞ்சலை எடுத்து விரலால் தேய்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"உங்க அம்மா தவறி மூணு வருஷம்னு அக்கா சொன்னாவ. அம்மா போன பெறகு வீடு எப்படித் தம்பி இருந்துச்சு?"

அந்தக் கேள்வி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மூக்கின் ஓரத்தைத் தொட்டிருந்தால் போதும்.

நான் காற்றில் கையைச் சுற்றினேன். நேற்றுப் பார்த்த சினிமா எப்படி?

சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஒரு சிரிப்புப் படம் பார்த்திருந்தோம். வசனம் கேட்காவிட்டாலும், ஆட்கள் விழுந்து எழுவதைப் பார்த்துக் கொட்டகையில் முதல் ஆளாகச் சிரிப்பவன் சவரி. அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சினிமா பேசுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார் என்று நினைத்தான்.

"ஐயோ, ஜோரா இருந்துச்சி சார்!" என்று அந்தத் தோப்புக்கே கேட்கச் சொன்னான். "ஆரம்பத்துலேர்ந்து ஒரே சிரிப்பு. வவுறு புண்ணாப் பூட்ச்சி. இன்னொரு தபா கெடிச்சா நல்லாருக்கும்னு இவன்கிட்டகூட சொல்லிகினு இருந்தேன்!"

அக்காவின் கரண்டி நின்றது.

செலின் உரித்த வெங்காயம் மடியிலிருந்து உருண்டது. அவள் சிரிக்கவில்லை. அவள் அம்மா போன மழைக்காலத்தில்தான் இறந்திருந்தாள். ரயிலில் அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தது அதைத்தான்.

ஆரோக்கியசாமி எழுந்தார். வேட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் வெட்கம்தான் இருந்தது, கேட்கக் கூடாத இடத்தில் தன் துக்கத்தைக் காட்டிவிட்டவர் மாதிரி.

"செலினு, எந்திரி. அடுத்த தோணியில போயிருவோம்."

"அண்ணே, சாப்பாடு..." என்று அக்கா ஓடினாள். "டேய் பாவி! இன்னாடா சொன்னே நீயி?"

சவரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். என் முகத்தை அல்ல, கையை.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன்.

தோணித்துறையில்

அவர்களோடு கரைவரை போய் வழியனுப்பும்படி மேஸ்திரி என்னைத்தான் அனுப்பினார். ஆரோக்கியசாமி முன்னால் நடந்தார். தோணிக்காரனோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது செலின் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அவங்களுக்குக் காது கேக்காதா?"

"யாரும்மா சொன்னது?"

"நீங்க கையக் காட்டுனதப் பாத்துதான் அவங்க பதில் சொன்னாங்க. நான் பாத்தேன். காது கேக்காதுன்னா சொல்லிருங்க. எங்க கடையில மூட்டை எறக்குறவருக்கும் கேக்காது. அதெல்லாம் பழகிக்கலாம். அப்பாட்ட நான் பேசிக்கிறேன்."

இதைவிட நல்ல வாசல் யாருக்கும் திறக்காது. ஆமாம்மா என்று ஒரு சொல் போதும். ஆனால் ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, நீ கையில் என்ன காட்டினாய்.

"சீச்சீ! எறும்பு நடந்தாக்கூட அவனுக்குக் கேக்கும்மா" என்றேன்.

"அப்ப, கேட்டுத்தான் அப்படிச் சொன்னாங்களா?"

"அவன் அப்பிடித்தாம்மா. தமாஷ் பேர்வழி."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தோணியில் ஏறினாள். திரும்பும்போது, தோஸ்தின் ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். காளவாய் வரும்வரைகூட அந்தச் சமாதானம் தாங்கவில்லை.

சோறு குழைந்து போயிருந்தது. எல்லாரும் இலையைப் பார்த்துக்கொண்டே தின்றோம்.

சவரி செய்த முடிவு

மறுநாள் கும்பனிச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே சவரி என் உலையருகில் நின்றான். பெரியவர் என்ன கேட்டார் என்று அக்கா ராத்திரியே அவனுக்குச் சொல்லியிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாமு, நீ அம்மான்னுதான காட்னே?"

தலையாட்டினேன்.

"மூக்கத் தொட்டியா?"

"தொட்டேன்டா."

"எனுக்குக் கை சுத்தின மாதிரி தெரிஞ்சிச்சி. மெய்யாலுமே அப்பிடித்தான் தெரிஞ்சிச்சி." கண்ணைக் கசக்கிவிட்டு நெருப்பைப் பார்த்தான். "அப்போ என் கண்ணுதான் தப்பு. உன் கை பொய் சொல்லாது."

அதோடு விட்டிருந்தால் ஒரு கல்யாணம் போனதோடு போயிருக்கும். அவன் நேரே மேஸ்திரியிடம் போனான்.

"நைனா, நான் இனிமே உள்ள ஒக்கார மாட்டேன். காதுதான் பூட்ச்சி, இப்போ கண்ணும் ஏமாத்துது. முஷ்டி காட்டச்சொல்ல ரெண்டு விரலுன்னு பாத்துட்டேன்னா எவன் கையாச்சும் பூடும்."

மேஸ்திரி அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். சவரி டாக்டரை நம்பவில்லை. என்னைத்தான் நம்பினான்.

உள்ளாள் வேலைக்கு வேறொருவன் வந்தான். சவரி கரிக் கொட்டடிக்குப் போனான். கையால் தடவியே தளர்ந்த ஆணியைச் சொல்கிறவன் இப்போது கூடையில் கரி சுமக்கிறான். அவன் சுமந்து வந்து கொட்டுகிற கரியில்தான் நான் ஆணி காய்ச்சுகிறேன். செலினைப் பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்காரருக்குக் கொடுத்தார்கள். அக்கா இன்னொரு இடம் பேச வாயெடுத்தாலே, "குருட்டுக்கும் செவிட்டுக்கும் சேத்து எவக்கா வருவா?" என்று சவரி சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு என்னிடம் கற்றுக்கொண்டது.

நேரில் சொல்லிவிடலாம் என்று பல தடவை போயிருக்கிறேன். கூடையை இறக்கிவிட்டு, "இன்னா மாமு?" என்று என் கையைப் பார்ப்பான். என் கை எழாது. டீ சாப்பிட வாடா என்று காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் அவன் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறான். ஷெட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, என் தொடர் வரும் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவான். குடை கதையைப் படித்துவிட்டு மேஸ்திரிக்கு அதை நடித்தே காட்டினான். அதனால் இதை இங்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

சவரி, நான் மூக்கைத் தொடவில்லை. கையைத்தான் சுற்றினேன். அந்தப் பெண் சிரிப்பாளா என்று பார்க்கத்தான் சுற்றினேன். நீ பார்த்தது சரி. உன் கண்ணில் எந்தத் தப்பும் இல்லை.